கண்டி வாவிக்கரையின் முகில் மதில்

கண்டிக்கு வருபவர்கள் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு, வாவிக்கரையில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கரையோரமாக அலை அலையாய் வளைந்து செல்லும் வெள்ளை மதிலை நின்று கவனிப்பவர்கள் குறைவு. சிங்களத்தில் இதனை ‘வலாகுளு பம்ம’ என்பர். முகில் மதில் என்று பொருள்.

இந்த இடம் முன்பு நெல்வயலாக இருந்தது. கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அணை கட்டி இதனை வாவியாக்கும் வேலையைத் தொடக்கினான். கண்ணுசாமி என்ற இயற்பெயரைக் கொண்ட இவன் நாயக்கர் வம்சத்தவன். வேலையை நடத்திய சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. மாளிகையின் எண்கோண மண்டபமும் இவரது கைவண்ணமே.

மண் சுமந்தவர்கள் யார்? ‘ராஜகாரிய’ முறைப்படி, காணி வைத்திருந்தவர்கள் மன்னனுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும். தம் வயல்களை விட்டுவிட்டு அவர்கள் வந்தார்கள். ஆண் துணை இல்லாத வீட்டில் விதைப்பும் அறுவடையும் யார் தலையில் விழும் என்பதை இவ்விதழின் வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. எதிர்த்தவர்கள் கழுவேற்றப்பட்டதாக மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு.

1814இல் பிரதானியான எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தான். அகப்பட்டது அவன் மனைவியும் பிள்ளைகளும். பிள்ளைகள் கொல்லப்பட்டனர், தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தனர். அந்தக் குளம் பின்னாளில் நிரப்பப்பட்டு மைதானமாகிவிட்டது. கணவன் எடுத்த முடிவுக்கு மனைவி கொடுத்த விலையை இதைவிட எப்படிச் சொல்வது?

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. மதில் முடியாமலே நின்றுபோனது. இன்றும் அது வாவியை முழுதாகச் சுற்றி வரவில்லை. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் இறந்தான். ராஜகாரிய ஊழியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

மதிலில் முக்கோணக் குழிகள் வரிசையாக உள்ளன. ஒருமுறை வன்னியிலிருந்து வந்த சகோதரிகளை அங்கு அழைத்துச் சென்றேன். “இது சுடுறதுக்கு வச்ச ஓட்டையோ, மிஸ்?” என்று ஒரு அக்கா கேட்டார். பதுங்குகுழி வாழ்க்கை பழக்கிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். விளக்கு ஏற்றி வைப்பதற்கான குழிகள் என்றதும் அவர் விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

போர் இந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் குண்டு லொறி மாளிகையின் முன் வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முகப்பும் கற்செதுக்கல்களும் எண்கோண மண்டபமும் சேதமடைந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருத்தப்பட்ட மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது. உடைந்த கல்லுக்கு ஒன்றரை வருடத்தில் மாற்றுக்கல் கிடைத்தது. அன்று தாயையோ மகனையோ இழந்த வீடுகளுக்கு அப்படி ஒரு திறப்பு நாள் இல்லை.

வாவியின் மிகைநீர் ‘மெத எல’ என்னும் கால்வாயாக நகரின் நடுவே ஓடி மகாவலியில் கலக்கிறது. போகும் வழியில் நகரத்தின் கழிவுகளும் அதில் சேர்கின்றன. மதிலுக்குச் சுண்ணாம்பு பூசுவதில் காட்டும் அக்கறையை இக்கால்வாயிலும் காட்டியிருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

கண்டிக்குப் போனால் கரையோரத்திலுள்ள அரசியரின் நீராடு மண்டபத்தையும் பாருங்கள். ஆங்கிலேயர் அதன்மேல் ஒரு மாடி கட்டி நூலகமாக்கினார்கள்.