கல்லாவை விட்டு நாலு நாள்: பெரியவர்களுக்கு ஒரு மலைப் பயணம்

நமது வணிகக் குடும்பங்களில் அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் பலர் இன்றும் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்துக் கல்லாவைப் பூட்டுகிறார்கள். அவர்கள் ஊரைவிட்டு வெளியே போனது கொள்முதலுக்காக இருக்கும். இல்லையென்றால் கல்யாணம், துக்கம், திருப்பதி, பழனி. வீட்டு அம்மாவின் கதையும் அதுதான். ஊட்டி, குன்னூர் என்பதெல்லாம் இவர்களுக்குக் காலண்டர் படம்.

“அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவது நமக்குப் பழகிவிட்டது. தேங்கிய சரக்கை விலை குறைத்தாவது தள்ளிவிடலாம். ஆனால் முழங்கால் தேய்ந்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு மலையை என்ன விலை கொடுத்தும் பார்க்க முடியாது. நடக்கத் தெம்பு இருக்கும்போதே அழைத்துப் போவது பிள்ளைகளின் கடமை. அதை எப்படித் திட்டமிடலாம் என்பதை நீலகிரியை வைத்துப் பார்ப்போம்.

எப்போது போகலாம்?

மளிகைக் கடைக்காரருக்கு மாதத்தின் முதல் பத்து நாட்கள் நகர முடியாது. சம்பளம் வந்து மாதச் சாமான் லிஸ்ட் வரும் நேரம் அது. ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 20-ஆம் தேதி ஒரு கெடு. ஆகவே 21 முதல் 27-ஆம் தேதிக்குள் வரும் நாலு நாட்களே நமக்குத் தோது. அதிலும் சனி, ஞாயிறை விட்டுவிட்டுத் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொண்டால் அறை வாடகையும் குறையும், கூட்டமும் குறையும்.

மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் சமயம் ஊட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. பெரியவர்களுக்கு அது வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரம் நல்லது. அது தவறினால் ஜூன் பிற்பகுதியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் போகலாம். தென்மேற்குப் பருவமழையின் வேகம் மலையின் மேற்குப் பக்கம்தான் அதிகம். கிழக்குச் சரிவில் உள்ள இந்த ஊர்களுக்கு அந்த மழை குறைவாகவே எட்டும்.

எங்கே தங்குவது?

நீலகிரி என்றதும் எல்லோரும் ஊட்டியிலேயே அறை எடுக்கிறார்கள். முதல் முறை வரும் முதியவர்களுக்குக் குன்னூரே ஏற்றது என்பது நமது கருத்து. ஊட்டியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். குளிரும் அந்த அளவுக்குக் குறைவு. குன்னூரில் இரண்டு இரவு தங்கி உடம்பு பழகிய பிறகு, ஒரு பகல் மட்டும் ஊட்டி போய் வரலாம்.

அறை பதிவு செய்யுமுன் நாலு கேள்விகள் கேளுங்கள். தரைத்தளத்தில் அறை உண்டா? மேற்கத்திய முறைக் கழிப்பறை உண்டா? வெந்நீர் எந்தெந்த நேரம் வரும்? வாகனம் வாசல் வரை வருமா, அல்லது படி ஏற வேண்டுமா? மலை ஊரில் “ரோட்டுக்குப் பக்கத்தில்தான்” என்பார்கள். போனால் நாற்பது படி கீழே இறங்க வேண்டியிருக்கும்.

எப்படிப் போவது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் முழுத் தூரமும் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. சர்க்கரை, புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் தவித்துப்போவார்கள். எனவே குன்னூர் வரை காரில் போய், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள சுமார் 18 கிலோமீட்டரை மட்டும் ரயிலில் போகலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆசையும் தீரும், அலுப்பும் இராது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போவதானால் இ-பாஸ் அவசியம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும், குமட்டும். பெரியவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். இரண்டு இட்லியோடு டிபனை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரைவரிடம் “அவசரமில்லை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாந்தி மாத்திரை முதியவர்களுக்குத் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

உடம்பு முக்கியம்

இருதயக் கோளாறு, ஆஸ்துமா, கடும் இரத்தச் சோகை உள்ளவர்கள் பதினைந்து நாள் முன்பே டாக்டரைப் பார்த்து அனுமதி பெற வேண்டும். மாத்திரைகளைப் போகும் நாட்களைவிட நாலு நாளைக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினை நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிடக் கூடாது. பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது.

வழியில் சிறுநீர் வரும் என்று பயந்து பிரஷர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பெரியவர்களின் வழக்கம். இரண்டுமே ஆபத்து. குளிரில் தாகம் தெரியாது. நாம்தான் நினைவுபடுத்தி வெந்நீர் கொடுக்க வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கம்பளியும், குல்லாயும், சாக்ஸும் போதும். இரவில் குளியலறை விளக்கை எரிய விடுங்கள். புதிய அறையில் இருட்டில் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பயணத்தின் பலனே போய்விடும்.

நாலு நாள் திட்டம்

முதல் நாள் குன்னூர் சேர்ந்து ஓய்வு மட்டுமே. இரண்டாம் நாள் காலை 1874-இல் தொடங்கப்பட்ட சிம்ஸ் பூங்கா. அது சரிவில் அமைந்தது. இறங்குவது சுலபம், ஏறுவது சிரமம். மேல் பகுதியிலேயே பெஞ்சு பார்த்து உட்கார்ந்துவிடலாம். மாலையில் தேயிலைத் தோட்டப் பக்கம் மெதுவாக ஒரு நடை. மூன்றாம் நாள் ரயிலில் ஊட்டி. தாவரவியல் பூங்காவின் கீழ்ப் புல்வெளியே போதும். 1848 காலத்திலிருந்து வளர்க்கப்பட்ட பூங்கா அது. மேலே ஏறித்தான் ரசிக்க வேண்டும் என்பதில்லை. மாலையில் காரில் குன்னூர் திரும்பிவிடலாம். நாலாம் நாள் கோத்தகிரி வழியாக இறக்கம்.

ஒரு நாளைக்கு ஒரே இடம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம். இந்த விதியை மாற்றாதீர்கள்.

இறங்கும் வழியில் மேட்டுப்பாளையம் வந்ததும் பெரியவர் உருளைக்கிழங்கு மண்டியில் இன்றைய விலை என்ன என்று கேட்கத்தான் செய்வார். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது என்று சொன்னால் அதையும் விசாரிப்பார். விசாரித்துக்கொள்ளட்டும், மூட்டை மட்டும் ஏற்ற வேண்டாம்.

கடையை யார் பார்ப்பது?

பெரியவர்கள் கிளம்பத் தயங்குவதற்குச் செலவைவிட இதுவே பெரிய காரணம். பற்று வரவு அவர் மனத்தில் இருக்கிறது; யாருக்குக் கடன் தரலாம், யாருக்குத் தரக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு மாதம் முன்பே அதை நோட்டில் எழுதி வாங்குங்கள். சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, வசூலாக வேண்டிய பாக்கி, சாவிகள் எல்லாவற்றையும் மகனோ மருமகளோ பொறுப்பேற்கட்டும். கிளம்பும் முன் இரண்டு நாள் அவரை வீட்டில் இருக்கச் சொல்லி ஒத்திகை பாருங்கள். மலையிலிருக்கும்போது இரவு எட்டு மணிக்கு ஒரு முறை மட்டும் போன் செய்து அன்றைய வியாபாரத்தைச் சொல்லிவிடுங்கள். அது போதும், நிம்மதியாகத் தூங்குவார்.

நாலு நாள் அவர் இல்லாமல் கடை நடந்தால் இளையவர்களுக்குத் தன்னம்பிக்கை வரும். பெரியவருக்கும் தம் கடை தமக்குப் பின்னும் நிற்கும் என்ற தைரியம் வரும். வணிகப் பெருமக்கள் இந்த ஆண்டே நாள் குறித்து, வீட்டுப் பெரியவர்களை மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.