வீட்டுக் கோழிகளும் கொள்ளை நோயும்



பேஸ்லைன் வீதியிலிருந்து தெமட்டகொடை ஒழுங்கைகளுள் ஒன்றிற்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருபுறம் புகையிரதப் பாதை, மறுபுறம் கால்வாய், நடுவே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அவற்றுள் ஒரு வீட்டின் பின்வளவிலே பழைய பலகையும் கம்பிவலையும் கொண்டு அடித்த கூடு. அதனுள் பத்துக் கோழிகள். பிள்ளைகளுக்குக் காலையில் முட்டை கிடைக்கிறது. மிஞ்சியதை அயலாருக்கு விற்றால் கொப்பிக்கும் பென்சிலுக்கும் காசு சேருகிறது.

ஒருநாள் மாலையில் ஒரு பேடு இரை எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. மறுநாள் இன்னும் இரண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. எச்சம் பச்சை நிறமாக நீர்போற் கழிகிறது. பிறகு ஒன்று கழுத்து முறுகிச் சுற்றிச் சுற்றி வருகிறது. மற்றொன்று கால் செயலற்று விழுகிறது. ஒரு வாரம் முடியுமுன் எஞ்சுவன இரண்டோ மூன்றோ. அவ்வீட்டுத் தாயின் மனத்தில் அப்போது இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. எஞ்சியவற்றையேனும் இன்றே விற்றுக் காசாக்கிவிடலாம் என்பது ஒன்று. இனிக் கோழி வளர்ப்பே வேண்டாம் என்பது மற்றது. இரண்டும் துயரத்திலே பிறந்த எண்ணங்கள். இரண்டும் பிழையானவை. அது ஏன் என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மேலே சொன்ன குறிகள் பெரும்பாலும் இராணிக்கெத் நோயைக் காட்டுவன. 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பகுதியிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெத் என்னும் ஊரிலும் அது தோன்றியதால், நம் பகுதியில் அவ்வூரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. உலகின் பிற பாகங்களில் நியூகாசில் நோய் என்பர். இதற்குக் காரணம் ஒரு வைரஸ். தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே கொடிய வகை வைரஸ் புகுந்தால் சிலவேளை ஒன்றுகூடத் தப்புவதில்லை. நோய் வந்தபின் அதனைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. பாக்டீரியாக்களைக் கொல்லும் மாத்திரைகளை வாங்கிக் கரைத்து ஊற்றுவதால் வைரஸ் சாவதில்லை, காசுதான் கரையும்.

ஆயினும், கோழி சோர்ந்தவுடன் இதுதான் நோய் என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருக்கள் தோன்றினால் அது அம்மையாக இருக்கலாம். நுளம்புக்கடியாலும் அது பரவும். பல கோழிகள் அதிலிருந்து பிழைத்துக்கொள்ளும். குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தென்பட்டால் அது குடலைத் தாக்கும் வேறொரு நோயாகலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆகவே, அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் சொல்வதே முதற் கடமை. இறந்த கோழியொன்றைச் சோதித்துப் பார்க்க அவரால் ஏற்பாடு செய்ய முடியும்.

இனி, விற்றுவிடலாம் என்ற எண்ணத்தை நோக்குவோம். வைரஸ் கோழியின் உடலிற் புகுந்தபின் குறிகள் வெளிப்படப் பெரும்பாலும் ஐந்தாறு நாள்கள் செல்லும்; சிலவேளை இரண்டு வாரமும் ஆகலாம். எனவே, இன்று நன்றாகத் தோன்றும் கோழி நாளை நோயாளியாகலாம். அதனை அரைவிலைக்கு வாங்கிச் செல்பவர் நோயையும் தம் வளவுக்குக் கொண்டு செல்கிறார். கோழியை அடைத்த கூடை, முட்டைத் தட்டு, எச்சத்தை மிதித்த செருப்பு ஆகிய இவையும் நோயைச் சுமக்கும். நமக்குக் கிடைப்பது நாலு காசு. அடுத்த ஒழுங்கையிலே இன்னொரு தாய்க்கு வருவது நாம் பட்ட அதே துன்பம். நட்டம் நம் வேலியோடு நிற்கட்டும் என்று துணிபவரே உண்மையில் நோயை வெல்பவர்.

வேலியோடு நிறுத்துவது எப்படி? எஞ்சிய கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். இறந்தவற்றைக் கால்வாயிலோ குப்பை மேட்டிலோ எறியாதீர்கள். காகமும் நாயும் இழுத்துச் சென்று ஊரெங்கும் பரப்பிவிடும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் நன்று. கால்வாயோரத்துத் தாழ்ந்த நிலத்தில் தோண்டியவுடன் நீர் ஊறுமாயின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைக் கேளுங்கள். கூட்டிலுள்ள எச்சத்தை வழித்தெடுத்து, சவர்க்கார நீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலிற் காயவிடுங்கள். கொழுப்புப் போர்வை உடைய வைரஸ் ஆதலால் சவர்க்காரமும் வெயிலும் இதற்குப் பகை. வேலை முடிந்ததும் உங்கள் கைகளையும் கழுவுங்கள். இந்நோய் மனிதருக்குத் தொற்றினால் பெரும்பாலும் கண் சிவந்து சில நாளில் மாறிவிடும்.

ஆனால், கோழிகள் கூட்டமாக மடியும்போது எல்லாம் இராணிக்கெத் என்று அலட்சியமாக இருத்தலும் ஆகாது. 1997ஆம் ஆண்டு ஹொங்கொங்கிலே கோழிகளிடமிருந்து பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றியது. பதினெண்மர் நோயுற்று அறுவர் மாண்டனர். இரு நோய்களின் குறிகளும் ஒன்றையொன்று ஒத்தவை. ஆகையால் செத்த கோழியை ஒருபோதும் கறியாக்காதீர்கள். நோயை மறைப்பது வெட்கத்தைக் காப்பதாகத் தோன்றினாலும், ஊருக்கு அது கேடே. மிருகங்களின் தொற்று நோய்களைக் கட்டுப்படுத்தவே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அடுத்து, கோழி வளர்ப்பே வேண்டாம் என்ற எண்ணம். நோயை மாற்ற மருந்தில்லை என்றேனே தவிர, வராமற் காக்க மருந்தில்லை என்று சொல்லவில்லை. தடுப்பு மருந்தின் வரலாற்றிலே கோழிக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. 1880ஆம் ஆண்டளவில் லூயி பாஸ்டர், கோழிகளைக் கொல்லும் ஒருவகைக் கொலராக் கிருமியை நாட்பட வைத்து வீரியம் குன்றச் செய்து, அதனைக் கொண்டே கோழிகளைக் காக்கலாம் எனக் கண்டார். ஆய்வுகூடத்தில் இவ்வாறு வலுவிழக்கச் செய்த கிருமியால் நோயைத் தடுக்கும் முறை அங்கேதான் தொடங்கியது. இராணிக்கெத் நோய்க்கும் இத்தகைய தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு துளி விட்டால் போதும் என்னும் வகையும் இருக்கிறது. ஆயினும் ஒருமுறை விட்டது ஆயுள் முழுவதற்கும் போதாது. வைத்தியர் குறிக்கும் காலத்தில் மீண்டும் கொடுத்தல் வேண்டும். நோய் புகுந்த கோழிக்குக் கொடுப்பதாற் பயனில்லை.

பத்துக் கோழி உடையவருக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிகளுக்கென அடைக்கப்படுகிறது. அதைக் குளிரிலே வைத்துக் காக்க வேண்டும். கரைத்தபின் சில மணி நேரத்திற்குள் முடித்துவிட வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் மருந்தொன்றை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் கிராமத்துக் கோழிகளுக்கென்றே ஆக்கியுள்ளனர். நம் கைக்கு எட்டும் வழி இதனினும் எளிது. ஒரு வீட்டுக்கு மிகுதியான குப்பி ஓர் ஒழுங்கைக்கு அளவானது. அயலார் கூடி ஒரு நாளைக் குறித்து, வைத்தியரைக் கலந்து, எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் அன்றே கொடுத்துவிடலாம். நோய் வேலி பார்த்து வருவதில்லை. காப்பு மட்டும் வேலிக்குள் அடங்கியிருந்தால் எப்படி?

கழுவிய கூட்டைக் குறைந்தது ஒரு மாதமேனும் வெறுமையாக விட்டு, பிறகு தடுப்பு மருந்து பெற்ற குஞ்சுகளை வாங்குங்கள். பின்னர் எப்போது புதுக் கோழி வாங்கினாலும் இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். பேர் வைத்து வளர்த்த கோழி செத்ததென்று பிள்ளை அழுதால், "கோழிதானே" என்று அதட்டாதீர்கள். அழட்டும். பிறகு அந்தப் பிள்ளையையே கூட்டைக் கழுவத் துணைக்கு அழையுங்கள். அடுத்த முறை கூட்டிலே ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றால், அதை முதலிற் காண்பது அந்தப் பிள்ளையின் கண்களாகவே இருக்கும்.