பீரங்கி இழுத்த சரக்குந்து

போர்க்களத்திற்குப் பீரங்கி தானாக வந்து சேர்வதில்லை. பல நூற்றாண்டுகளாக அதனை இழுத்துச் சென்றவை குதிரைகளே. பீரங்கியின் பின்தண்டைத் தூக்கி ஓர் இருசக்கர முன்வண்டியில் மாட்டி, அவ்வண்டியில் குதிரைகளைப் பூட்டுவர். ஜெர்மானிய மொழியில் அம்முன்வண்டிக்குப் ‘புரோட்சே’ என்று பெயர். 1930களில் குரூப் நிறுவனம் ஜெர்மானியப் படைக்கு உருவாக்கித் தந்த ஆறு சக்கரச் சரக்குந்துக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. எந்திர ஊர்தி வந்தபின்னும் குதிரைவண்டியின் பெயர் மறையவில்லை.

இவ்வூர்தியின் முகப்பு முன்னோக்கித் தாழ்ந்து சரிந்திருக்கும். அழகுக்காக அமைந்த சரிவன்று அது. எந்திரத்தின் நான்கு உருளைகளும் நிமிர்ந்து நில்லாமல், பக்கத்திற்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருந்தமையால் எந்திரத்தின் உயரம் குறைந்தது. ஓட்டுநருக்கு முன்னுள்ள பாதை தெளிவாகத் தெரிந்தது. எந்திரத்தைக் குளிர்விக்க நீருக்கு மாற்றாகக் காற்றே பயன்பட்டது. ஆகவே, கடுங்குளிரில் நீர் உறைந்து எந்திரம் பழுதாகும் என்னும் அச்சமில்லை. அதன் ஆற்றல் ஏறத்தாழ 60 குதிரைத்திறன். (ஆற்றலின் அளவிலும் குதிரை விடாமல் தொடர்வதைக் காண்க!)

இச்சரக்குந்து பெரும்பாலும் இழுத்தது 37 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை. பீரங்கி வீரர்கள் ஊர்தியின் பின்புறத்தில் அமர்ந்து செல்வர். நல்ல சாலையில் இவ்வேற்பாடு குறைவின்றி நடந்தது.

1941 சூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தது. அங்கே இருவகை இடர்கள் காத்திருந்தன. சோவியத்தின் டி-34 டாங்கியின் சாய்வான கவசத்தை இச்சிறு பீரங்கியின் குண்டுகள் துளைக்க மாட்டாமல் தெறித்து வீழ்ந்தன. அதனை இயக்கிய வீரர்களே ‘கதவு தட்டும் கருவி’ எனக் கசப்போடு அதற்குப் பெயரிட்டனர். கதவைத் தட்டியவரின் இருப்பிடம் டாங்கிக்குள் இருப்போருக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அக்கசப்பின் பொருள். அடுத்து வந்தது இலையுதிர்கால மழை. மண்சாலைகள் முழங்காலளவு சேறாயின. ஆறு சக்கரங்களுள் பின்னுள்ள நான்கிற்கு மட்டுமே எந்திரத்தின் விசை சென்றது. முன்னிரண்டும் திசை திருப்புவதற்கே உதவின. சேற்றில் சக்கரங்கள் சுழன்றனவேயன்றி ஊர்தி நகரவில்லை. பின்புறம் சங்கிலிப்பட்டை பூண்ட அரைப்பட்டை ஊர்திகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. எனினும் அவை விலை மிக்கவை. செய்து முடிக்க நெடுங்காலம் பிடிப்பவை. போதிய எண்ணிக்கையில் இல்லாதவை.

மின்னல் வேகப் போருக்குப் பெயர்பெற்ற அப்படை உண்மையில் பெரிதும் குதிரைகளை நம்பியே இருந்தது. பெட்ரோலும் ரப்பரும் ஜெர்மனியிடம் போதுமான அளவில் இல்லை. எனவே, அப்படையெடுப்பில் ஏறத்தாழ 6,00,000 குதிரைகள் ஈடுபடுத்தப்பட்டன. சேற்றிலும் பனியிலும் அவை பெருமளவில் மடிந்தன. பின்னர், அவ்வூர் உழவர்களின் சிறு குதிரைகளும் மரவண்டிகளும் பறிக்கப்பட்டன. சரக்குந்துகள் செல்ல இயலாத வழிகளில் உணவும் குண்டுகளும் அவற்றில் ஏறிச் சென்றன.