ஒரு சாண் குடலும் பன்னிரண்டு அசைச் சொல்லும்

வயிற்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ‘ஓ.ஜி.டி. ஸ்கோப்பி’ என்று இருக்கும். வீட்டில் நாம் எண்டோஸ்கோப்பி என்றே சொல்லிவிடுகிறோம். முழுப்பெயரைச் சொல்லப் போனால் பாதியிலேயே மூச்சு வாங்கும்: இசாஃபகோகேஸ்ட்ரோடியூவோடினாஸ்கோப்பி.

உடைத்துச் சொன்னால் வாய்க்குள் அடங்கிவிடும். இ-சா-ஃப-கோ, கேஸ்ட்-ரோ, டியூ-வோ-டி-னாஸ்-கோப்-பி. பன்னிரண்டு அசைகள், அழுத்தம் ‘னாஸ்’ மேல் விழ வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஓர் ‘ஓ’ நிற்கும், வாயில் அது வராது. ஒலிக்காத எழுத்து எதற்கென்று அமெரிக்கர்கள் வெட்டிவிட்டார்கள். அங்கே இதே சோதனைக்குப் பெயர் இ.ஜி.டி.

சோதனைக்காக உள்ளே விடும் குழாய் போகும் வழிதான் சொல்லின் வரிசை. முதலில் உணவுக்குழாய், தின்றதைச் சுமந்து செல்வது என்று அதன் கிரேக்கப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அடுத்தது ‘காஸ்டர்’, அதாவது வயிறு. வாயுத் தொல்லையை ‘கேஸ்ட்ரிக்’ என்கிறோமே, அதற்குள் கேஸ் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேஸ் என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர், ‘கேயாஸ்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து உண்டாக்கினார்.

நடுவே வரும் ‘ஓ’வுக்குத் தனிப் பொருள் கிடையாது. புளியம்பழத்தில் ‘அம்’ சாரியை செய்யும் வேலைதான் அதற்கும். பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் விலகிக்கொள்ளும்: கேஸ்ட்ரைட்டிஸ்.

எனக்குப் பிடித்தது டியோடினம்தான். கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோஃபிலஸ், சிறுகுடலின் தொடக்கப் பகுதி பன்னிரண்டு விரற்கடை நீளம் இருக்கக் கண்டு, பன்னிரு விரல் என்றே பெயர் வைத்தார். அரபு வழியாக 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு வந்து சேர்ந்த பெயரில் விரல் உதிர்ந்து பன்னிரண்டு மட்டும் மிஞ்சியது. அதனால்தான் கிரேக்கச் சொற்களுக்கு நடுவே இது ஒன்று மட்டும் லத்தீன். ஜெர்மானியர்கள் இன்றும் பன்னிரு விரல் குடல் என்றுதான் சொல்கிறார்கள். நம் பாடநூலில் இது முன்சிறுகுடல். பிழையில்லாத சொல், ஆனால் சுவையில்லாதது. பன்னிரண்டு விரற்கடை நம் பழைய அளவில் சரியாக ஒரு சாண். ஒரு சாண் வயிறு என்று புலம்பும் நமக்கு அந்தப் பெயர் கையருகிலேயே கிடந்தது.

கடைசித் துண்டு ‘ஸ்கோபெய்ன்’, பார்ப்பது. டெலஸ்கோப்பில் இருப்பதும் இதுவே. ஸ்டெதஸ்கோப்பிலும் உண்டு, கேட்கும் கருவிக்கு எதற்கோ! இந்தக் குழாய் உண்மையிலேயே பார்க்கிறது. தொண்டை வழியாக இறங்கி, அந்த ஒரு சாண் குடலின் முதல் வளைவைத் தாண்டியதும் திரும்பிவிடுகிறது.