வாலிபருக்கு வழித்துணை: ஆலோசகர் தொழிலின் தகுதியும் படிநிலையும்

மருத்துவம் பார்ப்பவருக்குப் பட்டம் வேண்டும். வழக்காடுபவருக்குச் சன்னது வேண்டும். லாரி ஓட்டுபவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆனால் வழிதவறிச் செல்லும் வாலிபன் ஒருவனோடு அமர்ந்து பேசி அவனை மீட்பதற்குத் தனித் தகுதி எதுவும் வேண்டியதில்லை என்பதே நெடுங்காலம் உலகத்தின் எண்ணமாக இருந்து வந்தது. வயதில் மூத்தவராயிருந்தால் போதும். வீட்டில் பெரியப்பா பேசினார். பள்ளியில் தலைமையாசிரியர் பிரம்போடு பேசினார். தோட்டத்தில் கிராணியோ கங்காணியோ பேசினார். ஆலயத் தலைவர் திருவிழாக் கூட்டத்தில் பொதுப்படப் பேசினார். அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினர். கேட்டுக்கொண்டிருந்தவன் என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் அவர்களுள் பெரும்பாலோர் கேட்டதில்லை.

இன்று அப்பணி ஒரு தொழிலாகிவிட்டது. நன்னடத்தை அதிகாரி, பள்ளி ஆலோசக ஆசிரியர், இளைஞர் ஆலோசகர், சமூக ஊழியர் என்று பல பெயர்களில் அது நடைபெறுகிறது. அதற்குப் படிப்பு உண்டு, பதிவு உண்டு, சம்பளப் படிநிலையும் உண்டு. இத்தொழிலில் திறன் என்பது யாது? ஒருவர் படிப்படியாக உயர்வது எங்ஙனம்? அவருடைய உயர்வினால் எதிரே அமர்ந்திருக்கும் வாலிபனுக்குக் கிடைப்பது என்ன? மூன்றாவது கேள்வியே முக்கியமானது. ஆயினும் அதிகமாகக் கேட்கப்படாததும் அதுவே.

இத்தொழிலின் தொடக்கம் ஒரு செருப்புத் தைப்பவரிடம் இருக்கிறது. 1841-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்பவர் குடிவெறிக் குற்றத்திற்காக நீதிமன்றத்தில் நின்ற ஒருவருக்கு ஜாமீன் கொடுத்து அழைத்துச் சென்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்ததைக் கண்ட நீதிபதி, சிறைக்கு அனுப்பாமல் ஒரு காசு அபராதமும் நீதிமன்றச் செலவும் மட்டும் விதித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அகஸ்டஸ் சிறுவர் சிறுமியரையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார். 1859-இல் அவர் இறக்கும்போது, அவர் பொறுப்பேற்றிருந்தோர் ஏறக்குறைய 2,000 பேர். இதற்கு அவர் ஊதியம் பெற்றதில்லை. செருப்புக் கடை வருமானந்தான் இதில் கரைந்தது. 1878-இல்தான் அந்த மாநிலம் இப்பணிக்குச் சம்பளத்தோடு ஓர் அதிகாரியை நியமிக்கச் சட்டம் செய்தது.

பிரிட்டன் 1907-இல் இயற்றிய நன்னடத்தைச் சட்டம் அதிகாரியின் கடமையை மூன்றாக வகுத்தது: அறிவுரை கூறுதல், உதவுதல், நட்புப் பூணுதல். அரசாங்கச் சட்டத்தில் நட்பும் ஒரு கடமையாக எழுதப்பட்டது வியப்புக்குரியதே. அந்த மரபு கடல் கடந்து வந்தது. சிங்கப்பூரில் 1946-இல் சமூகநல இலாகா தோன்றிற்று. 1951-இல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. மறு ஆண்டே, சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஊழியர்க்கான பயிற்சி தொடங்கிற்று. பின்னாளில் அத்துறையை 1967 முதல் 1986 வரை தலைமை தாங்கி நடத்திய ஆன் வீ அம்மையாரிடம் பயின்றோர் பலர் அரசாங்கத்திலும் தொண்டு நிலையங்களிலும் பொறுப்பான பதவிகளில் அமர்ந்தனர். மலேசியாவிலோ, பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1975-இல் இப்படிப்பைத் தொடங்கிற்று.

படிப்பு வந்துவிட்டது, அதனால் திறன் வந்துவிடுமா? இதற்கு விடை தேடுவோர் கார்ல் ரோஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞரின் இளமைக்கால அனுபவத்தை அறிவது நன்று. இன்று உலகெங்கும் ஆலோசகர் பயிற்சியில் அவர் பெயர் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் தம் கருத்துகளைப் பல்கலைக்கழக மண்டபத்தில் கண்டெடுக்கவில்லை. 1928 முதல் 1940 வரை ராச்செஸ்டர் நகரில், நீதிமன்றங்களும் நலநிலையங்களும் அனுப்பி வைத்த சிறுவர்களோடு உழைத்தபோது கண்டெடுத்தார்.

அங்கே அவருக்கு நேர்ந்த மூன்று நிகழ்ச்சிகளை அவரே எழுதி வைத்திருக்கிறார். முதலாவது, தீ வைக்கும் பழக்கமுடைய ஒரு சிறுவனைப் பற்றியது. சிறார் குற்றத்துக்குப் பல வேளைகளில் மூலகாரணமாயிருப்பது பாலுணர்வு சார்ந்த உள்மனப் போராட்டம் என்று அக்காலத்தில் வில்லியம் ஹீலி என்னும் பேரறிஞர் எழுதியிருந்தார். ரோஜர்ஸ் அதன்படியே நாள்தோறும் சிறுவனோடு பேசி, காரணத்தைக் கண்டுபிடித்து, அவனுக்கும் விளக்கினார். சிக்கல் தீர்ந்ததென்று சிறுவனை வெளியே விட்டனர். அவனோ மீண்டும் தீ வைத்தான். பேரறிஞரின் நூலும் பிழைபடலாம் என்பது அன்று அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது, ஒரு நலப்பணியாளர் ஒரு தாயோடு நடத்திய உரையாடலின் பதிவு. தொடக்கத்தில் அதைச் சிறந்த மாதிரியென்று போற்றிய அவர், சில ஆண்டு கழித்துப் படித்தபோது திடுக்கிட்டார். கெட்டிக்கார வக்கீல் சாட்சியை மடக்குவதுபோல அது தோன்றிற்று. தாய் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாளே தவிர, அவளுக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

மூன்றாவதே பெரிது. அடங்காத மகனையுடைய ஒரு தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். அவள் இளமையிலேயே மகனை வெறுத்து ஒதுக்கியதுதான் காரணம் என்பது ரோஜர்ஸின் முடிவு. பல சந்திப்புகளில் நயமாக எடுத்துரைத்தும் அவளுக்கு அது விளங்கவில்லை. இருவரும் முயன்றோம், பயனில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். அவளும் இசைந்து, கைகுலுக்கிவிட்டுப் புறப்பட்டாள். கதவருகே சென்றவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டாள். உண்டென்றதும் வந்து அமர்ந்து தன் இல்லறத்தின் துன்பத்தையெல்லாம் கொட்டினாள். கோப்பில் முன்பு எழுதியிருந்த வரலாறு வேறு. அவள் சொன்ன வரலாறு வேறு. மெய்யான ஆலோசனை அன்றுதான் தொடங்கிற்று. முடிவில் தாயும் தேறினாள், மகனும் தேறினான். எங்கே வலிக்கிறது, எத்திசையில் செல்வது என்பது வந்தவருக்கே தெரியும் என்ற கருத்து ரோஜர்ஸுக்கு இங்கிருந்து பிறந்தது.

ஆகவே, இத்தொழிலில் முதற்படியில் நிற்பவருக்கு வேண்டிய திறன் பேசும் திறனன்று, வாயடக்கம். புதிதாக வந்த இளைஞர் ஊழியர் வாலிபன் வாய் திறப்பதற்குள் மூன்று அறிவுரை கூறிவிடுவார். அவன் மௌனமாயிருக்கும் இரண்டு நிமிடம் அவருக்கு இரண்டு மணி நேரமாகத் தோன்றும். அதைத் தாங்கப் பழகுவதே முதலாண்டுப் பாடம். இரண்டாவது பாடம் இரகசியத்தின் எல்லை. எல்லாவற்றையும் மறைத்து வைப்பேன் என்று வாக்களிக்கும் ஆலோசகர் பொய் சொல்கிறார். தன்னுயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, பிள்ளையை எவரேனும் வதைப்பது ஆகியவற்றை மறைக்கலாகாது; இதை முதற்சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நன்னடத்தை அதிகாரிக்கோ இன்னும் இக்கட்டு. அவன் நட்பைப் பெற வேண்டியவரும் அவரே, அவனைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டியவரும் அவரே. மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, சிறார் நீதிமன்றம் முடிவு கூறுமுன் அவ்வறிக்கையைக் கருத வேண்டும். வாலிபன் இல்லத்தில் வாழ்வதா விடுதிக்குச் செல்வதா என்பது சில வேளைகளில் அந்தச் சில பக்கங்களைப் பொறுத்தது. தெளிவாக எழுதத் தெரியாதவர் எத்துணை அன்புடையவராயினும் இப்பணிக்குத் தக்கவராகார்.

இரண்டாம் படியில் உள்ளவருக்கு வேண்டுவது நிதானித்து மதிப்பிடும் ஆற்றல். ஒருமுறை பிடிபட்டோருள் பலர் மறுமுறை பிடிபடுவதில்லை. அவர்களைத் தேர்ந்த குற்றவாளிகளோடு ஒரே குழுவில் உட்காரவைத்துப் பயிற்சி தருவதால், திருந்துவதற்குப் பதில் கெடுவதும் உண்டு. எவனுக்குச் சிறிது செய்தால் போதும், எவனுக்கு நிறையச் செய்ய வேண்டும் என்று பிரித்தறிவதே தேர்ச்சி. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதும் இப்படியிலுள்ளவர் கற்கும் திறனே. கேட்டால் அவ்வெண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்துக்கு ஆதாரம் தரவில்லை.

மூன்றாம் படியில் நிற்பவர் பிறரைத் தாங்குபவர். இளைய ஊழியர் தம் சந்திப்புகளை விவரிக்க, மூத்தவர் கேட்டு, அவர் எங்கே தடுமாறினார், எந்த வாலிபன்மீது காரணமின்றிக் கோபங்கொண்டார் என்பதை அவரே காணும்படி செய்கிறார். இதற்குத் தொழில்முறை மேற்பார்வை என்று பெயர். வருகைப் பதிவையும் விடுமுறையையும் கவனிக்கும் நிர்வாக மேற்பார்வை வேறு. இரண்டையும் ஒருவரே செய்யும் அலுவலகங்களில் இளையவர் தம் தவறுகளைச் சொல்லத் தயங்குகிறார், அதுவும் இயல்பே.

இனிச் சட்டமும் சம்பளமும். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து தொழில் சான்றிதழ் பெற்றவரே அப்பெயரைச் சூடிக்கொள்ளலாம். பிறர் சூடினால் குற்றம். சிங்கப்பூரில் ஆலோசகர் சங்கத்தின் பதிவேடு உண்டு. சட்டத்தின் கட்டாயம் இல்லை. மலேசிய அரசாங்கப் பணியில் டிப்ளோமா பெற்றவரும் பட்டதாரியும் வெவ்வேறு நிலைகளில் நுழைகின்றனர். 29, 41 என்று வழங்கிவந்த அந்நிலைகள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதிய முறையில் 5, 9 என்று மாறின. எண்கள் மாறினும் ஏணியின் வடிவம் மாறவில்லை. ஒவ்வொரு படி ஏறும்போதும் மேசை பெரிதாகிறது, கூட்டங்கள் பெருகுகின்றன, வாலிபர்கள் குறைகின்றனர். பதினைந்து ஆண்டு உழைத்து, ஒருவன் முகத்தைப் பார்த்தே அவன் சாப்பிட்டானா இல்லையா என்று அறியக்கூடியவர் மாநிலத் தலைமையகத்தில் வரவு செலவுத் திட்டம் எழுதுகிறார். மிகக் கடினமான வழக்கோ சென்ற ஆண்டு பட்டம் பெற்றவரின் கையில் இருக்கிறது. மருத்துவமனையில் இவ்வாறு நடந்தால் ஊரே கூச்சலிடும்.

இக்குறையை உணர்ந்துதான் சிங்கப்பூர் அரசாங்கம் 2015-இல் சமூக ஊழியர்க்கான தேசியத் திறன் திட்டத்தை வெளியிட்டது. உதவியாளர், சமூக ஊழியர், மூத்த ஊழியர் என்று தொடங்கி, முதன்மைச் சமூக ஊழியர், வல்லுநர் என்ற நிலைகள் வரை அது செல்கிறது. நிர்வாகத்துக்குப் போகாமலே, தொழில் திறனாலேயே உயரலாம் என்பது அதன் கருத்து. கருத்து நன்று. ஆனால் ஒரு சிறு நிலையத்தில் ஊழியர் ஐவர் மட்டுமே இருந்தால் வல்லுநர் பதவிக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஆதலின், இந்த இரண்டாவது ஏணி பெரிய நிறுவனங்களில் நன்றாக நிற்கிறது. சிறிய நிலையங்களில் காகிதத்திலேயே நிற்கிறது.

பள்ளிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். மலேசியப் பள்ளிகளுக்கு 1996-இல் முழுநேர ஆலோசக ஆசிரியர் நியமிக்கப்பட்டபோது 500 மாணவருக்கு ஒருவர் என்பது அளவாயிருந்தது. நாளொன்றுக்கு மூன்று மாணவர், ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டாலும் 167 நாள் ஆகும். பள்ளியாண்டு ஏறக்குறைய முடிந்துபோகும். ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறை பார்த்ததாக இருக்கும்.

தமிழருக்கு இவ்விஷயத்தில் தனிக் கவலையும் உண்டு. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அவற்றைச் சேர்ந்தோர் என்று கூறப்பட்ட 40,000-க்கு மேற்பட்டவர்களுள் பத்தில் ஏழு பேர் இந்தியர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இதில் சிக்கினர். அத்தகைய வாலிபன் மலாயில் கேட்ட கேள்விக்கு மலாயில் விடை சொல்வான். அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தமிழுக்கு வருவான். தாயைப் பற்றிச் சொல்லும்போது பேச்சே நின்றுவிடலாம். அந்த வீட்டுக்குச் செல்லும் அதிகாரி, வாசலில் செருப்பைக் கழற்றி, கொடுத்த தேநீரைக் குடித்து, முதலில் பாட்டியிடம் பேச வேண்டும் என்பது திறன் அட்டவணையில் எந்தப் படியிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அதற்குச் சம்பள உயர்வும் இல்லை.

சம்பளமே இல்லாத படி ஒன்றும் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூரில் 1971 முதல் தொண்டூழிய நன்னடத்தை அதிகாரிகள் பணியாற்றி வருகின்றனர். பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு இளையரைக் கண்காணித்து உதவும் இவர்கள் பாஸ்டன் செருப்புத் தைப்பவரின் நேர் வாரிசுகள். பதவி உயர்வு இவர்களுக்கு இல்லாததால் மாற்றலும் இல்லை. ஒரே வாலிபனோடு நீடித்து நிற்க இவர்களால் முடிகிறது.

ஊதியம் பெறும் அதிகாரிக்கோ மாற்றல் தவிர்க்க முடியாதது. சிங்கப்பூரில் நன்னடத்தை ஆணை ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை நீடிக்கும். நீண்ட ஆணையாயின், அதற்குள் அதிகாரி மாறுவது அரிதன்று. கோப்பு மட்டும் மேசை மாறினால் வாலிபன் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாம் முறை அவன் பாதியைத்தான் சொல்வான், மூன்றாம் முறை ஒன்றும் சொல்லமாட்டான். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய அதிகாரி, புதிய அதிகாரி, வாலிபன் ஆகிய மூவரும் ஒருமுறை சேர்ந்து அமர்கின்றனர். பழையவர் தாம் எழுதி வைத்திருப்பதை வாலிபனின் முன்னிலையிலேயே புதியவருக்குச் சொல்கிறார். பிழையிருந்தால் அவன் திருத்துகிறான். இதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மாற்றல் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே நாள் குறித்துவிடுவது நல்லது. பிறகு விடைபெறும் விருந்துகளுக்கும் கணக்கு ஒப்படைப்புக்குமே நேரம் போதாது.