இலையின் கதை – 9: பர்லிக்கு ஊட்டும் சர்க்கரை

முழு இலையாகப் புகையிலை வாங்கி, நடுநரம்பை உருவி, நறுக்கி, தாங்களே கலந்துகொள்ளும் பைப் பிரியர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. புதிதாக இறங்குகிறவர் ஐந்தாறு ரகங்களை வாங்கி ஒன்றாகக் கொட்டிவிடுவார். அது வேலைக்கு ஆகாது. வர்ஜீனியா, பர்லி என்ற இரண்டு ரகங்களின் குணமும் பிடிபட்டாலே பாதி வித்தை கைவந்த மாதிரி.

செடி இனம் ஒன்றுதான். ரகமும் பாடம் செய்யும் விதமும் வேறு. வர்ஜீனியா, சூடேற்றிய அறையில் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். இலையிலுள்ள மாவு சர்க்கரையாக மாறிய கையோடு சூட்டைக் கூட்டி இலையின் உயிரை அடக்கிவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்குகிறது. பர்லியோ கொட்டகையில் 6 முதல் 8 வாரம் காற்றாடத் தொங்கும். வெட்டிய பிறகும் பல நாள் மூச்சுவிட்டு, தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். தனியாகப் பற்றவைத்தால் தொண்டை கமறும்.

ஆனால் பர்லி, பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சும். தேனையோ கரும்புப் பாகையோ நீர்க்கக் கரைத்து, நறுக்கிய இலைமேல் தெளித்து, மூடி ஓர் இரவு விடுகிறார்கள். மறுநாள் தட்டில் மெல்லப் பரப்பி, ஓவனில் 95 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து அவ்வப்போது புரட்டுகிறார்கள். முதலில் மூக்கைத் துளைப்பது அமோனியா. ஜன்னல்களைத் திறந்து வைத்தே ஆகவேண்டும். அந்த நெடி அடங்கியதும் ரொட்டி வேகும் மணம் எழும். சர்க்கரையும் இலையின் அமினோ அமிலமும் சூட்டில் சேரும் வினை அது. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விளக்கியது. அந்த மணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் கருகல்தான். இறக்கியது அப்பளமாய் நொறுங்கும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் துவளும்.

இதே வித்தையை வைத்துத்தான் பெரிய வியாபாரமும் நடந்தது. 1913-இல் வந்த கேமல் சிகரெட், வர்ஜீனியாவோடு பாகு ஊட்டிய பர்லியும் துருக்கி இலையும் சேர்ந்த கலவை. லக்கி ஸ்டிரைக் சிகரெட் 1917 முதல் 'வறுத்தது' என்றே தன்னை விளம்பரப்படுத்தியது. மற்றவர்களும் இலையைச் சூடேற்றியவர்கள்தான், சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே. லக்கி ஸ்டிரைக்கில் எரிச்சல் குறைவு என்று 20,679 மருத்துவர்கள் சொல்வதாக 1930-இல் அந்த நிறுவனம் விளம்பரம் அச்சிட்டதுதான் அநியாயம். வறுத்தால் வாசனை மாறும். எரியும்போது வரும் தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வறுவல் ஒரு பொருட்டே அல்ல.

கலவைக்கு வருவோம். தராசு இல்லாமல் தொடங்கக் கூடாது. வர்ஜீனியா 7 கிராம், வறுத்த பர்லி 3 கிராம் என்று சிறிதாகக் கலந்து, அளவை எழுதிப் புட்டியில் ஒட்டி, இரண்டு வாரம் மூடி வைக்கலாம். அடுத்த முறை ஒரே ஒரு அளவை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரீக் புகையிலை, மிளகுபோல் காரம். பத்து கிராமுக்கு அரை கிராமே தாராளம். புகையூட்டிய லட்டாக்கியா இலையை இப்போதைக்குத் தொடவேண்டாம். அது சேர்ந்த இடத்தில் வேறெந்த மணமும் எழாது. அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

(தொடரும்)