வீட்டையே மூட்டை கட்டும் குடும்பங்கள்

தோட்டம் மாறிப் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? பாய், பெட்டி, சட்டி பானை, சாமி படம் எல்லாம் லோரியில் ஏறும். கோழிக்கூடுகூட ஏறிவிடும். வீடு மட்டும் ஏறாது. அது தோட்டத்து வீடு. நாளைக்கு வேறொரு குடும்பம் வந்து அதே அடுப்பை மூட்டும்.

மங்கோலியாவில் ஆடு, மாடு, குதிரை மேய்த்து வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கதை விளங்காது. ஓரிடத்தில் புல் தீர்ந்ததும் அடுத்த இடத்துக்குப் புறப்படுவார்கள். அவர்கள் புறப்பட்டால் வீடும் கூடவே புறப்பட்டுவிடும்!

அந்த வீட்டின் பெயர் கெர். மங்கோலிய மொழியில் அதற்கு 'வீடு' என்றே பொருள். வெளிநாட்டார் 'யூர்ட்' என்பார்கள்.

கெர் வட்டமான வீடு. பட்டணத்துப் பழைய கடைகளில் இழுத்துச் சாத்தும் இரும்பு மடக்குக் கதவைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும். அதேபோல மரக்குச்சிகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்துத் தோல்வாரால் முடிந்த தட்டிகள்தாம் இதற்குச் சுவர். ஐந்து தட்டிகளை வட்டமாக நிறுத்தினால் ஒரு குடும்பத்துக்குப் போதும். நடுவில் இரண்டு தூண்கள். அவற்றின் தலையில் வண்டிச் சக்கரம் போன்ற மரவளையம். வளையத்துக்கும் சுவருக்கும் இடையே நீண்ட கழிகளைக் குடைக்கம்பி போலச் செருகி, மேலே கம்பளியைப் போர்த்திக் கயிற்றால் சுற்றிக் கட்டுகிறார்கள். அஸ்திவாரம் கிடையாது. கைப்பழக்கம் உள்ள நாலைந்து பேர் சேர்ந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீடு நின்றுவிடும். முன்பு ஒட்டகங்களும் மாட்டுவண்டிகளும் சுமந்தன. இப்போது பெரும்பாலும் லோரிதான்.

அந்தக் கம்பளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதைத் தறியில் நெய்வதில்லை. ஆட்டு ரோமத்தைக் குச்சியால் அடித்து உதிர்த்து, பரப்பி, தண்ணீர் தெளித்து, பாய் சுருட்டுவதுபோல இறுகச் சுருட்டிக் கட்டுவார்கள். அந்தச் சுருளைக் குதிரையோ ஒட்டகமோ புல்வெளியில் இழுத்துக்கொண்டு போகும். உருண்டு உருண்டு ரோமம் ஒன்றோடொன்று பின்னி, தடித்த விரிப்பாக இறுகிவிடும். ஒரு வீட்டார் மட்டும் செய்து முடிக்கிற வேலையல்ல இது. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்கிறார்கள். வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழே 40 பாகைவரை இறங்கும் நாடு அது. அப்போது கம்பளியை ஒன்றுக்கு இரண்டாகப் போர்த்துவார்கள். கோடையில் அடி ஓரத்தைச் சற்றுத் தூக்கிவிட்டால் காற்று உள்ளே வரும். அடுப்புக்கு விறகு? மரமில்லாத வெளியில் காய்ந்த சாணம்தான். வரட்டி தட்டிய பாட்டிமார் உள்ள வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

வாசல் தெற்குப் பார்த்தே இருக்கும். உள்ளே போகும்போது நிலைப்படியை மிதித்துவிடாதீர்கள்; அது பெரிய மரியாதைக் குறைவு. நம் வீடுகளிலும் பெரியவர்கள் இதற்குத்தானே அதட்டுவார்கள்? மேற்குப் பக்கம் ஆண்களுக்கும் விருந்தினருக்கும். கிழக்கே பெண்களின் புழக்கம், பாத்திர பண்டம். வாசலுக்கு நேர் எதிரே, வடக்கில், சாமி மேடையும் குடும்பப் படங்களும். இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து போகக்கூடாது. வந்தவருக்கு உப்புப் போட்ட பால் தேநீர் கிடைக்கும். (சர்க்கரை கேட்காதீர்கள்!) மேல்வளையத்தின் வழியே விழும் வெயில் உள்ளே எங்கே நகர்கிறது என்று பார்த்தே நேரம் சொல்லிவிடுவார்கள்.

பழைய காலத்தில் சில வீடுகளைப் பிரிக்காமலே வண்டியில் ஏற்றினார்கள். 1253-இல் மங்கோலியர் நாடுகளுக்குப் பயணம் போன வில்லியம் என்ற பாதிரியார் அப்படி ஒரு வண்டியின் சக்கரத் தடங்களை அளந்தார். இடைவெளி 20 அடி! இழுத்த மாடுகள் 22. வீடு கிடக்கட்டும், தலைநகரமே நடந்திருக்கிறது. இன்றைய உலான்பாத்தர் 1639-இல் கெர்களால் ஆன ஒரு மடமாகத் தொடங்கியது. இருபது தடவைக்கு மேல் இடம் மாறி, 1778-இல்தான் இப்போதுள்ள ஆற்றங்கரையில் நிலைத்தது.

அந்த நகரத்தில்தான் இன்றைய துயரமும் இருக்கிறது. கோடையில் மழை பொய்த்து, அடுத்த குளிர்காலத்தில் பனி கல்லாக இறுகினால் கால்நடைகளுக்குப் புல் எட்டாது. நின்றபடியே பட்டினியில் சாகும். மங்கோலியர் இதை 'ஸுட்' என்கிறார்கள். 2009-2010 குளிரில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. 2023-2024-இல் 70 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 35 லட்சம்தான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மந்தை போனபின் புல்வெளியில் என்ன வேலை? மிஞ்சியது வீடு ஒன்றுதான். அதை லோரியில் ஏற்றிக்கொண்டு உலான்பாத்தரின் மலைச்சரிவுக்கு வருகிறார்கள். ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிப் பலகை வேலி அடித்து, நடுவில் கெரை நிறுத்துகிறார்கள். நகரத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர்க்குழாய் இல்லை. பொதுத் தண்ணீர்நிலையத்தில் காசு கொடுத்துப் பிடித்து, தள்ளுவண்டியில் இழுத்து வர வேண்டும், பிள்ளைகளும் இழுப்பார்கள். எரிக்கச் சாணம் ஏது? நிலக்கரியை எரித்தார்கள். ஆயிரக்கணக்கான அடுப்புகளின் புகை மலைகளுக்கு நடுவே தங்கி, குளிர்காலத்தில் குழந்தைகளின் நெஞ்சை அடைத்தது. 2019-இல் பச்சை நிலக்கரியைத் தடை செய்து, பதப்படுத்திய கரிக்கட்டிகளைக் கொண்டுவந்தார்கள். புகை குறைந்தது; தீரவில்லை.

புல்வெளியில் தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். 2012-க்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேய்ச்சல் குடும்பங்களுக்கு அரசுத் திட்டத்தின் வழி சூரிய மின்தகடு போய்ச் சேர்ந்தது. கெருக்குப் பக்கத்தில் வெயிலில் சாய்த்து வைத்தால் இரவில் விளக்கு எரியும், தொலைக்காட்சி ஓடும். இடம் மாறும் நாளில் அதையும் மடக்கிக் கட்டிவிடுவார்கள். கெர் செய்யும் கைத்தொழிலை 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.

மலைச்சரிவுக்கு வந்தவர்கள் வசதி வந்தால் கெருக்குப் பக்கத்திலேயே செங்கல் வீடு கட்டுகிறார்கள். அதுவரை வேலிக்குள்ளே கம்பளி வீடுதான். தெரு எந்தப் பக்கம் இருந்தாலும், வாசலைத் தெற்குப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.